தென்மேற்கே போகாத பட்டாம்பூச்சிகள்

டோரீன் விரல்களைப் பிரித்தாள். சிறகுகளை மூடி அடங்கிக் கிடந்த மோனார்க் பட்டாம்பூச்சி அவள் விரல்நுனியில் ஒரு கணம் நின்றது. பிறகு எழும்பி, புல் அறுத்த வயலை ஒரு சுற்றுச் சுற்றி, பக்கத்துப் பண்ணையின் சிவப்புக் கொட்டகையைப் பார்த்து நேராகப் பறந்தது.

"வடக்கு," என்றாள் வெர்னா. மடக்கு நாற்காலியில் சாய்ந்திருந்தவளின் ஒரு கையில் தொலைநோக்கி, மறு கையில் திசைகாட்டி.

"சரியாப் பாரு."

"பாக்க என்ன இருக்கு? கொட்டகை இருக்குற பக்கம் வடக்கு. உன் பூச்சி மெக்சிகோ போகலடி. பால் கறக்கப் போகுது."

டோரீனுக்குச் சிரிப்பு வரவில்லை. அன்று காலை பறக்கவிட்டதில் ஏற்கெனவே ஒன்று கிழக்கே போயிருந்தது. ஒன்று வெர்னாவின் தொப்பியில் உட்கார்ந்து வெயில் காய்ந்துவிட்டு, வந்த வழியே டோரீன் வீட்டுத் தோட்டத்துக்குத் திரும்பிவிட்டது. தென்மேற்கே போனது ஒன்றுகூட இல்லை.

செப்டம்பர் பிறந்தால் ஈரி ஏரியின் வடகரையில் இருக்கும் அந்த மணல்முனைக்குத் தன்னார்வலர்கள் வருவார்கள். மோனார்க்குகள் கனடாவிலிருந்து மெக்சிகோ மலைக்காடுகளுக்குப் போகும் வழியில், ஏரியைத் தாண்டுவதற்கு முன் நல்ல காற்று வரட்டும் என்று முனையின் தேவதாரு மரங்களில் கூட்டம் கூட்டமாகத் தொங்கும். அவற்றை வலையில் மெல்லப் பிடித்து, பின்சிறகின் அடிப்பக்கத்தில் கைவிரல் நகம் அளவுள்ள ஒரு வட்ட ஒட்டியை ஒட்டிப் பறக்கவிடுவார்கள். ஒட்டியில் ஓர் எண் இருக்கும். சிறகில் எங்கே வேண்டுமானாலும் ஒட்டிவிட முடியாது. கட்டைவிரல் மட்டும் தனியாக நீட்டிய கையுறைபோல் சிறகின் நடுவில் ஒரு கட்டம் உண்டு. உடம்பின் பாரம் அந்த இடத்துக்கு நேராக விழுவதால், அங்கே ஒட்டினால் பறப்பதற்குத் தொந்தரவு இருக்காது. குளிர்காலத்தில் மெக்சிகோ மலைவாசிகள் மரத்தடியில் உதிர்ந்து கிடக்கும் ஒட்டிகளைப் பொறுக்கிக் கொடுப்பார்கள். வசந்தத்தில் அந்த எண்கள் இணையத்தில் வெளியாகும். யாருடைய பூச்சி போய்ச் சேர்ந்தது என்று அப்போது தெரியும்.

வெர்னாவின் பூச்சிகள் போய்ச் சேர்ந்திருக்கின்றன. அவள் மீன் வறுவல் வண்டி நடத்துகிறவள். கடை சாத்திவிட்டு எண்ணெய் வாசத்தோடு முனைக்கு வந்து, கண்ணில் படுவதைப் பிடித்து ஒட்டி அனுப்புவாள். டோரீன் அப்படியில்லை. ஜூலையிலிருந்தே சாலையோரத்துப் பால்செடிகளில் முட்டை தேடுவாள். எருக்கின் குடும்பத்தைச் சேர்ந்த செடி அது. மோனார்க் புழு அதைத் தவிர வேறு இலையைத் தொடாது. முட்டைகளைச் சமையலறைக்குக் கொண்டுவந்து, நெருக்கமான வலை போட்ட பெட்டிகளில் வைத்து, தினமும் இலை மாற்றி, எச்சம் துடைத்து வளர்ப்பாள். பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவளுக்குக் காலைக்கும் மாலைக்கும் நடுவே நிறைய நேரம் இருந்தது. அத்தனை பாடுபட்டும் ஆறு வசந்தங்களில் அவள் எண் ஒருமுறைகூட வரவில்லை.

அது ஏன் அவளை அப்படி அரித்தது என்பது வெர்னாவுக்குத் தெரியும். காரணம் வெர்னாவின் அண்ணன் க்ளேட்டன், டோரீனின் கணவன். ஏரிகளில் உப்பும் கல்லும் ஏற்றிப்போகும் கப்பலில் சமையல்காரன். பனி உடையும்போது ஏறினால் திரும்பப் பனி உறையும்வரை கப்பல்தான். மற்றவர்கள் முறை வைத்து இறங்கி வீட்டுக்கு வருவார்கள். இவன் அவர்கள் முறையையும் தானே வாங்கிக்கொள்வான். கரையில் இரண்டு வாரத்துக்குமேல் இருந்தால் அவனுக்குக் கால் தரிக்காது. முதன்முதலில் வெர்னாவின் எண் வெளியான வசந்தத்தில், இன்னும் கப்பல் ஏறாமல் சமையலறை மேசையில் உட்கார்ந்திருந்தவன் சொன்னான்: "டோரீன், உன் பூச்சி ஒண்ணு அங்க போய்ச் சேரட்டும். அந்த வருஷமே நான் கப்பல விட்டு இறங்கிடுறேன். ரெண்டு பேரும் போய்ப் பாத்துட்டு வருவோம்."

சொல்லிவிட்டு அவன் சிரித்தான். வெர்னாவும் சிரித்தாள். டோரீன் மட்டும் அதை வாக்காக எடுத்துக்கொண்டாள்.

"ஒட்டி கனமா இருக்குமோ?" என்று இப்போது கேட்டாள்.

"அதே கை, அதே ஒட்டி. நான் பிடிச்சதுக்கும் நீதான இன்னைக்கு ஒட்டின?" வெர்னா தன் கூடையிலிருந்து ஒன்றை எடுத்து விட்டாள். முனையில் பிடித்த காட்டுப் பூச்சி. அது விர்ரென்று எழுந்து, சுற்றாமல் வளைக்காமல், ஏரியின் தென்மேற்கு மூலையைப் பார்த்துப் போயிற்று. தொலைநோக்கியில் புள்ளியாகி மறையும்வரை திசை மாறவில்லை. அடுத்ததும் அப்படியே. அதற்கடுத்ததும்.

"நோயா?"

"நீதான் பள்ளிக்கூடத்து நுண்ணோக்கியில பாத்தியே."

பார்த்தாள்தான். பூச்சியின் வயிற்றில் ஒட்டுநாடாவை மெல்ல ஒற்றி எடுத்துப் பார்த்தால், நோய் இருந்தால் செதில்களுக்கு நடுவே பொடிப்பொடியாக விதைபோல் தெரியும். அவளுடையவை சுத்தமாக இருந்தன. உணவும் அதே சாலையோரத்து இலைதான். பிறகு எங்கே தப்பு?

விடை கிடைக்காமல் ஒரு வாரம் போனது. வெர்னாதான் தெரியாத்தனமாக அந்த விடையைக் கிளப்பிவிட்டாள்.

ஆகஸ்ட் கடைசியில், நகராட்சிக்காரர்கள் புல் வெட்டப்போகும் சாலையோரத்திலிருந்து ஒரு வாளி நிறையப் புழுக்களை அவள் மீட்டு வந்திருந்தாள். சமையலறையில் இடம் இல்லை. டோரீன் அவற்றைக் கருவிக் கொட்டிலின் பின்புறம் ஒரு பழைய வலைப்பெட்டியில் போட்டு, இலை மட்டும் வைத்துவந்தாள். பெட்டியின் வலை ஓட்டை. குளவி தின்றது பாதி, ஈ முட்டையிட்டுக் கெடுத்தது மீதியில் பாதி. வெளியே விட்டால் இதுதான் கதி என்றுதானே அவள் வீட்டுக்குள் வளர்க்கிறாள்? தப்பிப் பிழைத்தவை ஒரு கைப்பிடி. அவற்றை வெர்னா வயலுக்குக் கொண்டுவந்து விட்டாள்.

"தென்மேற்கு," என்றாள். பிறகு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "ஏய், இதுவும் தென்மேற்கு. இதுவும்! டோரீன், இந்த அநாதைங்க எல்லாம் ஒழுங்கா போகுதுடி. நீ சீராட்டி வளத்ததுங்கதான் ஊர் சுத்துது."

டோரீன் நேராக வீட்டுக்குப் போனாள். சமையலறைப் பெட்டியைத் திறந்து பார்த்தாள். அதற்குள் இரண்டு மோனார்க்குகள் வால்நுனியோடு வால்நுனியாக ஒட்டிக்கொண்டிருந்தன. நேற்றும் ஒரு ஜோடியை அப்படிப் பார்த்திருந்தாள். அப்போது அது விஷயமாகப் படவில்லை.

இப்போது பட்டது. கோடையில் பிறக்கும் மோனார்க்குக்கு ஆயுள் நான்கு வாரம் போல. வரும், ஜோடி தேடும், முட்டையிடும், போய்விடும். கோடை முடிவில் பிறக்கும் தலைமுறைக்கு ஜோடியும் வேண்டாம், முட்டையும் வேண்டாம். உடம்பில் கொழுப்பைச் சேர்த்துக்கொண்டு, எட்டு மாதம்போல் வாழ்ந்து, தான் பார்த்திராத மலைக்குப் போகும். பிறப்பில் இரண்டும் ஒன்றுதான். எந்த மாதிரி வளர்வது என்பதைப் புழுவாகவும் கூட்டுப்புழுவாகவும் இருக்கும்போதே வெளியுலகம் சொல்லிக்கொடுத்துவிடுகிறது. பகல் நாளுக்கு நாள் குறுகுகிறது. இரவு குளிர்கிறது. தின்னும் இலை முற்றிக் கடினமாகிறது. இவற்றைக் கொண்டுதான் புழு காலத்தை அறிந்துகொள்கிறது.

பின்னாலேயே வந்த வெர்னா பெட்டியை எட்டிப் பார்த்தாள். "ஐயோ, செப்டம்பர் மாசத்துல கல்யாணமா! இதுங்களுக்குப் பயண நெனப்பே இல்லையே. கோடைக்காலம்னுல்ல நெனச்சுட்டு இருக்குதுங்க."

"இங்க சூடா இருக்குல்ல," என்றாள் டோரீன்.

"சூடு மட்டுமா?" வெர்னா மேலே பார்த்தாள்.

பாத்திரம் கழுவும் தொட்டிக்குமேல், திரை போடாத ஜன்னலுக்கு நேராக, அந்த விளக்கு இருந்தது. கைப்பந்து அளவு வெள்ளை விளக்கு. பொழுது சாய்ந்ததும் டோரீன் போடுவாள். விடியும்வரை எரியும். புழுப்பெட்டிகள் எல்லாம் அதன் அடியில் வரிசையாக இருந்தன.

"ராத்திரியே பாக்காத புழுவுக்கு, பகல் குறையுதுன்னு யாரு சொல்லுவாங்க?" என்றாள் வெர்னா. "அதை அணைச்சா முடிஞ்சது."

"அதை அணைக்க முடியாது."

"டோரீன்."

"முடியாதுன்னா முடியாது, வெர்னா."

கப்பல்வழி அந்த முனையை ஒட்டித்தான் போகிறது. க்ளேட்டனின் கப்பல் மேற்கே மேல் ஏரிகளுக்குப் போகும்போதும் கிழக்கே கீழிறங்கித் திரும்பும்போதும் அந்த ஜன்னலுக்கு நேராகத்தான் கடந்தாக வேண்டும். எந்த நாள், எந்த நேரம் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. துறைமுகத்தில் சரக்கு ஏற்றத் தாமதமானால் ஒரு நாள் தள்ளும், காற்று பலமானால் இரண்டு நாள் தள்ளும். அதனால் எல்லா இரவும் விளக்கு. திருமணமான புதிதில் அவன் கேட்டது அது. அவன் கேட்டதில் அவளால் தினமும் செய்ய முடிந்தது அது ஒன்றுதான்.

"இன்னைக்கு எந்தக் கப்பல் எங்க இருக்குன்னு போன்லயே தெரியுது," என்றாள் வெர்னா. "அவன் வர்ற நேரத்துக்கு மட்டும் போடேன்."

"நடுராத்திரி கொஞ்ச நேரம் வெளிச்சம் பட்டாலே போதும்னு படிச்சேன். ராத்திரி ரெண்டா உடைஞ்சுடுமாம். செடிங்க அதுல ஏமாந்து பூக்காமலே போயிடுமாம். புழுவும் ஏமாந்தா?"

"எல்லாம் படிச்சு வெச்சிருக்க. தலைக்கு மேல எரியுற விளக்கு மட்டும் கண்ணுல படல." வெர்னா சொன்ன பிறகுதான் உறைத்துக் குரலைத் தணித்துக்கொண்டாள். "சரி, நான் ஒண்ணு கேக்குறேன். கோவப்படாத. அவன் அதைப் பாக்குறானா?"

டோரீன் பெட்டியை மூடினாள். இத்தனை வருஷத்தில் அவள் அதைக் கேட்டதேயில்லை. கேட்டு, இல்லை என்று சொல்லிவிட்டால்?

கப்பலில் போனுக்கு சிக்னல் கிடைப்பது முனையைக் கடக்கும் அந்தக் கொஞ்ச நேரம்தான். அதுவும் அடுப்பில் வேலை இல்லாத நேரமாக அமைய வேண்டும். இரண்டு நாள் கழித்து, பேருந்தை நிறுத்திவிட்டு வந்து சூப் சூடாக்கிக்கொண்டிருந்தபோது மணி அடித்தது. வெளியே இன்னும் முழுதாக இருட்டவில்லை.

"என்ன பண்ற?" என்றான் க்ளேட்டன். பின்னால் எந்திரத்தின் முனகல்.

"சூப். நீ?"

"இருவது பேருக்கு உருளைக்கிழங்கு உரிச்சாச்சு. ஒருத்தன் உப்பு கம்மிங்குறான். உப்புக் கப்பல்ல இருந்துக்கிட்டு!"

அவள் சிரித்தாள். பிறகு, சிரிப்பு அடங்குவதற்குள், கேட்டே விட்டாள். "விளக்கு தெரியுதா?"

"எது?"

"நம்ம விளக்கு, க்ளேட்டன்."

ஒரு கனமான கதவு திறக்கும் ஓசை, காற்றின் இரைச்சல். "மேல போகும்போது கரை வலப்பக்கம் வரும். என் ஜன்னல் அந்தப் பக்கம்தான். திரும்பும்போது இடப்பக்கம் வந்துடும். அப்ப கை துடைச்சுட்டு வெளிய வந்துதான் பாக்கணும். மழையில கூட வந்து பாப்பேன். பசங்க கேலி பண்ணுவானுங்க." மீண்டும் காற்று. "இப்பவும் வெளியதான் நிக்குறேன். ஏன் கேக்குற, பல்பு போயிடுச்சா?"

"இல்ல. சும்மாதான்."

அப்படியானால் விளக்கு எரியத்தான் வேண்டும். பூச்சிகளும் போய்ச் சேரத்தான் வேண்டும். அவன் கண் தேடும் விளக்கு ஒரு பக்கம், அவனை இறக்கிக் கொண்டுவரப்போகும் பூச்சி மறுபக்கம். இரண்டையும் அவள்தான் ஒரே மேசையில் வைத்திருந்தாள்.

முதலில் போர்வை போட்டுப் பார்த்தாள். அந்தி சாய்ந்ததும் கடைசிப் பெட்டிகளின்மேல் கறுப்புக் கம்பளியைப் போர்த்தி, விடிந்ததும் எடுத்தாள். இருட்டு கிடைத்தது. ஆனால் அடுப்படிச் சூடு அப்படியே இருந்தது. மாதக் கடைசியில் வெளிவந்தவற்றில் சில தென்மேற்கே போயின. சில எங்கே போவது என்று தெரியாமல் வயலையே சுற்றின.

"பாதிக் கிணறு," என்றாள் வெர்னா. "பரவால்ல. போன வாரத்துக்கு இது எவ்வளவோ மேல்."

பிறகு ஏரி உறைந்தது. க்ளேட்டன் வந்தான். அவன் வீட்டில் இருக்கும்போது விளக்குக்கு வேலையில்லை. ஒன்பது மணிக்கு அவனே அணைத்துவிட்டுப் படுப்பான். டோரீன் குளிர்காலம் முழுவதும் பலகைகளை அளந்து அறுத்தாள். என்ன செய்கிறாய் என்று கேட்டவனிடம் ஆணியைப் பிடிக்கச் சொன்னாள். மார்ச்சில் பனி உடையும் ஓசை கேட்டது. அவன் பையைத் தூக்கிக்கொண்டு போனான். வசந்தத்தில் எண்கள் வெளியாயின. வெர்னாவுடையது இரண்டு. டோரீனுடையது இல்லை. அவள் திரையை இரண்டு தடவை மேலிருந்து கீழே தள்ளிப் பார்த்துவிட்டு மூடினாள்.

அவள் செய்துவைத்தது ஒரு கூண்டு. கூண்டுக்குள் கூண்டு என்று சொல்ல வேண்டும். உள்ளே ஒரு வலை, வெளியே ஒரு வலை, நடுவே நாலு விரல் இடைவெளி. ஒற்றை வலையாக இருந்தால் புழு வலையில் ஏறி ஒட்டிக்கொள்ளும்போது, ஈ வெளியிலிருந்தே அதன் முதுகில் முட்டையை வைத்துவிடும். குளவியும் கண்ணிகளுக்கிடையே கொட்டும். இடைவெளி விட்டால் எட்டாது. கொசுவலையைவிட நெருக்கமான துணி. கூரைக்குப் பலகை இல்லை. மழையும் பனித்துளியும் வெயிலும் உள்ளே இறங்க வேண்டும். அடியில் வெட்டிய இலை இல்லாமல், தொட்டிகளில் வேர்விட்ட பால்செடிகளே இருந்தன. செடி தன் காலத்துக்கு முற்றும், புழு அதைத் தின்று தெரிந்துகொள்ளும்.

எங்கே வைப்பது என்பதற்குத்தான் அதிக நேரம் பிடித்தது. நன்றாக இருட்டிய ஓர் இரவில் சமையலறை விளக்கைப் போட்டுவிட்டு, இருவரும் வீட்டைச் சுற்றி நடந்தார்கள். வெர்னா கையில் ஒரு வெள்ளைத் தட்டு. தட்டில் வெளிச்சம் துளியும் தெரியாத இடம் வேண்டும்.

"இங்க?"

"மங்கலா தெரியுது."

"ஆப்பிள் மரத்தடியில?"

"பக்கத்து வீட்டு வாசல் விளக்கு அடிக்குது. உங்க ஊர்ல ஒருத்தருமே தூங்க மாட்டாங்களாடி? எனக்குக் கொசுக்கடி தாங்கல."

கொட்டிலின் வடபுறத்தில் போய் நின்றபோது தட்டு கண்ணுக்கே தெரியவில்லை. கூண்டை அங்கே இறக்கினார்கள்.

ஆகஸ்ட் பாதியில் முட்டைகளை அங்கே வைத்தாள். வீட்டுக்குள் வளர்ந்தவற்றைவிட இவை மெதுவாக வளர்ந்தன. குளிர்ந்த காலைகளில் புழுக்கள் அசையாமல் கிடக்கும். வெயில் ஏறிய பிறகே தின்னத் தொடங்கும். ஓரிருமுறை டோரீனுக்குப் பொறுக்கவில்லை. பெட்டியில் எடுத்து உள்ளே கொண்டுபோய்விடலாமா என்று கூண்டின் கதவில் கைவைத்துவிட்டு எடுத்துக்கொண்டாள். பச்சைக் கூடுகள் நாளாக ஆகக் கறுத்து, ஒரு மதியம் முதல் பூச்சி வெளிவந்தது. சிறகை உலர்த்திக்கொண்டு தொங்கியது. பெரிதாக இருந்தது. ஜோடி சேரவில்லை. எல்லாம் வெளிவந்த பிறகும் ஒன்றுகூட மற்றொன்றை ஏறிட்டுப் பார்க்கவில்லை.

"நல்ல பிள்ளைங்க," என்றாள் வெர்னா.

வயலில், வடக்கிலிருந்து மெல்லிய காற்றடித்த ஒரு காலையில், டோரீன் ஒட்டி ஒட்டி ஒவ்வொன்றாக விட்டாள். வெர்னா அன்று கேலி எதுவும் செய்யவில்லை. திசையை மட்டும் சொன்னாள். சொன்னது பெரும்பாலும் ஒரே சொல். நடுவில் ஒன்று மட்டும் கொட்டகைப் பக்கம் திரும்பியபோது இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். அது போனது போனதுதான். மற்றவை ஏரிக்குமேல் ஏறி, ஒன்றன்பின் ஒன்றாக, ஒரே மூலையில் மறைந்தன. கடைசிப் பூச்சி போன பிறகும் டோரீன் கையை இறக்காமல் நின்றாள். அவை போய்ச் சேர்ந்தனவா என்று தெரிய வசந்தம் வர வேண்டும். நடுவில் ஓர் ஏரியும் ஒரு தேசமும் ஒரு குளிர்காலமும் இருந்தன.

அந்த வாரக் கடைசியில், சூரியன் தண்ணீரைத் தொடும் நேரத்தில், போன் அடித்தது.

"வெர்னா செய்தி அனுப்பியிருந்தா," என்றான் க்ளேட்டன். "போச்சாமே."

"போச்சு."

"எந்தப் பக்கம்?"

"தென்மேற்கு."

"எல்லாமேவா?"

"ஒண்ணு தவிர."

எந்திரம் முனகிக்கொண்டே இருந்தது. வாக்கை அவன் மறந்திருப்பான் என்று அவள் எத்தனையோ முறை நினைத்ததுண்டு. அவன் அடுத்துச் சொன்னதில், மறக்கவில்லை என்று தெரிந்தது. ஏரியில் தூரத்தில் கப்பல் கறுத்த கோடுபோல் நகர்ந்தது.

"அங்க மலை ரொம்ப உயரமாமே," என்றான். "குதிரையிலதான் ஏறணுமாம். நான் குதிரையில ஏறினதே இல்ல, டோரீன்."

"நானும்தான்."

"இத்தனை வருஷம் போகாதது, இப்ப எப்படிப் போச்சு? என்ன செஞ்ச?"

டோரீன் ஜன்னலருகே போய் நின்றாள். தூரத்துக் கப்பலைப் பார்த்தபடி சொன்னாள்.

"புழுவை வீட்டுக்குள்ள வளக்கல. ரெட்டை வலை போட்ட கூண்டுல, உசுரோட இருக்குற செடி மேல, கொட்டிலுக்கு வடக்கால வெச்சேன். நம்ம விளக்கு வெளிச்சம் அங்க விழாது. பகல் குறையுறதும் ராத்திரி குளிருறதும் அதுங்களுக்கே தெரிஞ்சுது. கிளம்பிடுச்சுங்க."